குழாயில் நின்ற காற்று

சாரதாமணியின் மாரிஸ் மைனர் கார் பட்டறை வாசலில் திரும்பும்போதே அதன் கிளட்ச் நடுங்குவது அர்த்தநாரிக்குக் கேட்டுவிட்டது. லாரிக்கு அடியில் படுத்திருந்தவன் எழுந்து கையைத் துடைத்து, தலையையும் ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டான். மாதம் தவறாமல் நடக்கிற காரியம் இது. ராசிபுரம் சாலையில் இருந்த அவன் பட்டறைக்கு வருவதெல்லாம் லாரிகள்தான். கார் என்றால் இந்த ஒன்றுதான். அதன் கிளட்ச் மிதியோடு சேர்ந்த கம்பிகள் தேய்ந்துபோனதால் மாதம் ஒருமுறை அடியில் ஒரு நட்டைத் திருகி வைக்க வேண்டும். வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அர்த்தநாரிக்கு மட்டும் அதற்கு அரைப்பொழுது பிடிக்கும்.

அவ்வளவு நேரமும் அவள், பழைய லாரியிலிருந்து கழற்றிப்போட்ட சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். மரவள்ளிக் கிழங்கு வரத்து, ஜவ்வரிசியைக் காயவிடாத மேகமூட்டம், வாழப்பாடியில் ஈரக்கிழங்கை ஏமாற்றித் தலையில் கட்டிய ஆள் என்று எதையாவது. புருஷன் போன பிறகு ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையை அவள்தான் நடத்துகிறாள். அப்பா கொடுத்த காரை அவளேதான் ஓட்டுகிறாள். பொம்பளை கார் ஓட்டுவதை ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. பிறகு வாய் வலித்து மூடிக்கொண்டது. அர்த்தநாரிக்கும் மனைவி போய் வருஷங்களாகிவிட்டன. மகளைத் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு, மெஸ் சாப்பாடும் பட்டறைக் கட்டிலுமாகக் காலம் போகிறது. காருக்கு அடியில் கிடந்து "அப்படீங்களா" என்று அவ்வப்போது சொல்வதோடு சரி. அந்தப் பேச்சுக்காகத்தான் அவன் மாதம் முழுக்கக் காத்திருக்கிறான் என்பது பட்டறையில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு அவள் சீட்டில் உட்காரவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மேஸ்திரி, காரைக் குடுத்தறலாம்னு இருக்கறனுங்க. இடது முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. சேலம் போறதுக்குள்ள காலு மரத்துப் போயிருது. அம்பாசடர் ஒண்ணு வாங்கி டிரைவரைப் போட்டுக்கலாம்னு எங்க கொழுந்தனார் நச்சரிக்கறாரு."

டிரைவர் வந்தால் காரை டிரைவர்தான் கொண்டுவருவான். அவன் அந்த லாரி சீட்டில் உட்கார்ந்து பீடி குடிப்பான். அதை நினைத்த மாத்திரத்தில் அர்த்தநாரியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இதுக்குப் போயி காரை எதுக்குங்க அம்மணி குடுக்கோணும்? கம்பியெல்லாம் கழட்டிப்போட்டுட்டு ஆயில் கிளட்ச் மாட்டீட்டாப் போதுமுங்க. பூவாட்ட மிதிக்கலாம்."

"நெசமாலுமா?"

"ஒருக்கா மாட்டீட்டா அப்புறம் திருகவே வேண்டியதில்லீங்க" என்று பெருமையாகச் சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். திருக வேண்டியதில்லை என்றால் வர வேண்டியதும் இல்லை.

சொன்ன சொல்லை விழுங்க முடியாது. சேலம் பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றிலிருந்து கிளட்ச் சிலிண்டர் இரண்டையும் கழற்றி வந்தான். உள்ளே ரப்பரெல்லாம் புதிதாகப் போட்டான். அவற்றை மாரிஸில் உட்காரவைக்க லேத் பட்டறையில் தாங்கு தகடு அடித்து வாங்கினான். துளை அரை நூல் தள்ளிப் போனதென்று அதைத் தூக்கியெறிந்துவிட்டு இன்னொன்று அடிக்கச் சொன்னான். தன் பிழைப்பில் தானே மண்ணை வாரிப் போடுகிறவன் இத்தனை சுத்தமாகப் போட வேண்டுமா என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. வேலை ஒன்றும் பெரிய மர்மமில்லை. மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே இறங்கிக் கீழ் சிலிண்டரின் தண்டைத் தள்ளும். தண்டு கிளட்சை விலக்கும். குழாயில் காற்று மட்டும் இருக்கக் கூடாது. இருந்தால் மிதி பஞ்சாக அமுங்கும், கிளட்ச் முழுக்க விலகாது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாரியம்மன் பண்டிகைக்குப் பட்டறை ஆட்கள் எல்லோரும் போயிருந்தார்கள். வண்டி முடிந்ததா என்று பார்க்க வந்த சாரதாமணியே ஏறி உட்கார்ந்தாள். அவன் சாக்கை விரித்து அடியில் படுத்து, கீழ் சிலிண்டரில் காற்றை வெளியேவிடும் நிப்பிளில் ரப்பர் குழாயைச் செருகி மறுமுனையைப் பாட்டிலில் இருந்த எண்ணெயில் முக்கினான்.

"மிதிங்க அம்மணி. அப்பிடியே புடிச்சுக்கங்க." நிப்பிளைத் தளர்த்தினான். பாட்டிலில் குபுகுபுவென்று நுரைத்தது. இறுக்கினான். "உடுங்க."

மிதிங்க, புடிச்சுக்கங்க, உடுங்க. இந்த மூன்று சொல்லைத் தவிர இருவருக்கும் வேறு பேச்சில்லை. ஆனாலும் இத்தனை மாதம் பேசியதைவிட அதிகம் பேசிவிட்டதுபோல அர்த்தநாரிக்கு இருந்தது. குமிழிகள் குறைந்து, அவள் ஆலை ஜவ்வரிசி அளவுக்குச் சிறுத்து, ஒன்றும் இரண்டுமாக வந்து, நின்றன.

"இப்ப கெட்டியா இருக்குதுங்க மேஸ்திரி" என்றாள் மேலிருந்து.

இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். குழாய் வளைகிற இடத்தில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு நிற்கும். தட்டினால்தான் வரும். தட்டாமல் விட்டால்? இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்தில் மிதி கொஞ்சம் தொய்யும். அவள் வருவாள், லாரி சீட்டில் உட்காருவாள், கிழங்கு வரத்தைப் பற்றிப் பேசுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவன் சும்மா கிடந்தான். சேலம் சந்து ஒன்றில் கியர் விழாமல் கார் நிற்பதும், பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்குவதும், அவள் அந்த முட்டியோடு மிதித்து மிதித்துப் பார்ப்பதும் கண்ணில் வந்தது. அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

குழாயை ஸ்பேனரால் தட்டினான். "இன்னொருக்கா மிதிங்க."

கடைசிக் குமிழி தனியாக வந்து பாட்டிலில் உடைந்தது.

அவள் ஆண்டகளூர் கேட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "மிதிக்கறதே தெரியலீங்க மேஸ்திரி." பிறகு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப இனி மாசாமாசம் வர வேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்லீங்க."

அவள் லாரி சீட்டை ஒருதரம் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த மாதம் அர்த்தநாரி பட்டறை ஆட்கள்மேல் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். யாரோ அந்த சீட்டில் எண்ணெய்த் துணியைப் போட்டதற்கு ஒரு பாட்டம் திட்டினான். அதற்கடுத்த வாரம் மாரிஸ் மைனர் வாசலில் திரும்பியது. நடுங்கவில்லை. வெண்ணெய்போல் வந்து நின்றது.

"ஏனுங்க அம்மணி, என்ன கோளாறு?"

"தெரியலீங்க. நீங்களே பாருங்க" என்றாள், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

அவன் சாக்கை விரித்து அடியில் போனான். சிலிண்டரில் ஒரு சொட்டுக் கசிவில்லை. குழாயின்மேல் சாலைப் புழுதி காய்ந்து அப்படியே படிந்திருந்தது. யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லாத வேலை. லாரிக்கடியில் இருந்த ஆள் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

"காத்து கீது இருக்குதுங்களா மேஸ்திரி?"

அதுவரை அர்த்தநாரி தொழிலில் பொய் சொன்னவனில்லை.

"இருக்கும்போலத் தெரியுதுங்க. எதுக்கும் மிதிங்க, பாக்கலாம்."

மேலே மிதி இறங்கியது. அவன் கண்ணெதிரே தண்டு அரை விரல் முன்னே வந்து நின்றது. ஸ்பேனர் சாக்கின்மேல் கிடந்தது. பாட்டிலை அவன் எடுத்துவரவேயில்லை. உடுங்க என்று அவன் சொல்லவில்லை. விடட்டுமா என்று அவள் கேட்கவுமில்லை. ஆத்தூர்ப் பக்கம் மழை எப்படி என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். தண்டு நின்ற இடத்திலேயே நின்றது.