ஐரீன் வாசித்த வாசகம்

1

இந்தக் கதையை ஐரீன் கேட்கவில்லை. அவள் கேட்டது நாலு வரியில் முடிகிற ஒரு காகிதம். எனக்குத்தான் நாலு வரியில் முடிக்கத் தெரியாது. இத்தனை வருடமாக எழுதுகிறேன், ஒரு சிபாரிசுக் கடிதம்கூட உருப்படியாக எழுதியதில்லை. இந்தக் காகிதம் சரியாக அமையாவிட்டால் அவள் கணவன் கஸ்பாருக்கு டயாலிசிஸ் இடம் போய்விடும். இப்போதே கால் வீங்கியிருக்கிறது. ஆகவே சீக்கிரம் எழுத வேண்டும். ஆனால் பாருங்கள், கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கடலிலிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் எண்ணூரின் கொடியில் காயும் துணிகளில் கரித்தூள்—"

வேண்டாம். கரித்தூளில் தொடங்கினால் நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள்.

இரண்டாவது: "டயாலிசிஸ் நிலையத்தை அரசு கைகழுவிய அன்று மேளம் வாசித்தார்கள்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. கொஞ்ச காலம் அந்த நிலையத்தைப் பட்டினி போட்டார்கள். மெஷின் இருந்தால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் மருந்து இல்லை. நாங்கள் நன்றாகச் சலித்துப்போன பிறகு, பக்கத்து அனல்மின் கம்பெனியின் அறக்கட்டளை எடுத்து நடத்தும் என்று அறிவித்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆளுங்கட்சியின் மோர்ப்பந்தலுக்கும் எதிர்க்கட்சியின் மோர்ப்பந்தலுக்கும் ஒரே கம்பெனிதான் பானை வாங்கித் தருகிறது. தேர்தலுக்கு என்ன வாங்கித் தருகிறது என்பது எனக்குத் தெரியாது. பானையை மட்டும்தான் பார்த்தேன்.

அறக்கட்டளைக்குப் பெயர் 'பரிவு'. (பெயரும் கம்பெனியும் என் கற்பனை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.)

நியாயமாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை இன்னும் இலவசம்தான். ஏசி போட்டிருக்கிறார்கள், தலையணை உறை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. முன்பு மெஷின் நின்றால் கஸ்பார் கத்துவான். அது அவனுடைய ஆஸ்பத்திரி. இப்போது அவன் பயனாளி. பயனாளி கத்தக் கூடாது, கூப்பிட்ட இடத்துக்கு வர வேண்டும்.

3

கம்பெனி தன் நிலக்கரிக் கிடங்கை இரண்டு மடங்காக்கப் போகிறது. அதற்கு முன் சட்டப்படி ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் பரிவின் களப்பணியாளன் டென்னிஸ் ஐரீன் வீட்டுக்கு வந்தான். நான் அங்கே இல்லை. ஐரீன் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"மைக்ல இத்த படிச்சிட்டா போதும்க்கா. கோயில்ல படிக்கிறல்ல, அதே மாரி கணீர்னு."

ஐரீன் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசையின் முதல் வாசகம் வாசிப்பவள். இறால் கம்பெனியில் நின்று நின்று வேலை பார்த்தாலும் அவள் குரல் மட்டும் சோர்ந்ததில்லை.

"அது பைபிள்டா. இது இன்னா?"

"கம்பெனி வந்ததால நல்லா கீறோம், கிடங்கு வரட்டும்னு போட்டுகீது. அவ்ளோதான்."

"கிடங்கு வந்தா நம்ம தெருவுல மூச்சு வுட முடியுமாடா? உங்க அம்மாவும் இங்கதான கீது?"

டென்னிஸ் காகிதத்தை நீட்டியபடியே நின்றான். கட்டிலிலிருந்து கஸ்பார்தான் பேசினான்.

"படிச்சிட்டு வாமே. மெஷின்ல படுக்கிறவன் நானு."

4

டென்னிஸை வில்லனாக்கினால் கதை சுலபமாகும். கைவிரலில் மோதிரம் ஒன்று மாட்டி, ஒரு சிரிப்பும் கொடுத்து—

முடியவில்லை. அவன் எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் தபேலா வாசித்த பையன். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய ஆள் எண்ணூருக்கு வருவதே இல்லை. அதனால் வழியில் டென்னிஸ்மேல் விழுகிறது.

5

கல்யாண மண்டபம். மேடையில் ஒரு அதிகாரி, கம்பெனியின் ஜி.எம்., ஒரு வீடியோ கேமரா. பேசுவதெல்லாம் பதிவாகும் என்றார்கள். நானும் எதிர்த்துப் பேசினேன். பாதியில் மைக் கரகரத்தது.

ஐரீனைக் கூப்பிட்டார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பூசையில் நிற்பதுபோலவே நின்று வாசித்தாள்.

"என் கணவர் கஸ்பாருக்குக் கம்பெனி உயிர்ப்பிச்சை அளித்துள்ளது. கம்பெனி எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம். கிடங்கு விரிவாக்கத்தை முழுமனதுடன் வரவேற்கிறேன்."

நிறுத்தி, நிதானமாக. பிறகு காகிதத்தை மடித்தாள். மேடையைப் பார்த்துத் தலை வணங்கினாள். சொன்னாள்:

"ஆண்டவரின் அருள்வாக்கு."

[இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. அருள்வாக்கு என்று சொல்வதற்கு முன் அவள் முகத்தில் நான் பார்த்தது. எடுத்துவிட்டேன்.]

பூசையில் பைபிள் வாசகம் முடிந்ததும் வாசித்தவர் அப்படித்தான் சொல்வார். கேட்டவர்கள் ஒரு பதில் சொல்ல வேண்டும். அதை நாங்கள் யோசித்துச் சொல்வதில்லை, தும்மல்போல வந்துவிடும். மண்டபத்தில் பாதிப்பேர் எங்கள் கோயில்காரர்கள். எதிர்க்க வந்தவர்கள், ஆதரிக்க வந்தவர்கள், பிரியாணிப் பொட்டலத்துக்காக வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"இறைவா, உமக்கு நன்றி."

கோயில் பக்கம் போய்ப் பல வருடமான நானும் சொன்னேன்.

அப்புறம்தான் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேடைவரை போயிற்று. ஜி.எம். பக்கத்திலிருந்தவரிடம் என்னவென்று கேட்டார். கோயிலில் கடவுள் வாக்கை முடிப்பதுபோலக் கம்பெனிக் காகிதத்தை முடித்திருக்கிறாள் என்று அவர் காதில் சொன்னார். ஜி.எம். சிரிக்கவில்லை.

கூட்ட அறிக்கையில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'கம்பெனியின் சேவைக்குக் கூட்டத்தினர் ஒருமித்த குரலில் நன்றி தெரிவித்தனர்.' அதை வைத்துக் கிடங்குக்கு அனுமதியும் வாங்கிவிடுவார்கள். ஜி.எம். பட்ட அவமானம் தனிக் கணக்கு.

6

மறுநாளே கஸ்பாரின் மெஷின் பழுது பார்க்கப் போய்விட்டது. மற்ற மெஷின்களெல்லாம் ஓடின. டென்னிஸ் வந்து விஷயத்தைச் சொன்னான். ஜி.எம். சார் ரொம்பப் பேஜாராகிவிட்டார். ஐரீன் வாய் தவறித்தான் சொன்னாள் என்று அங்கே இருந்த, படித்த ஆள் யாராவது எழுதிக் கொடுத்தால் பேசிப் பார்க்கலாம்.

படித்த ஆளைத் தேடி ஐரீன் என்னிடம் வந்தாள்.

"வேண்டுமென்றே சொன்னாயா?" என்று கேட்டேன்.

"அத்த இன்னாத்துக்குணா கேக்குற? எழுதிக் குடுக்குறியா, மாட்டியா?"

கேட்டிருக்கக் கூடாது. எழுதுகிறவனின் அரிப்பு.

மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்று: பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ஐரீன் வீராங்கனையாகிறாள், பத்திரிகைகள் படம் எடுக்க வருகின்றன, படத்தின் ஓரத்தில் கஸ்பார் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறான். இரண்டு: ஊர் திரண்டு நிலையத்தை மறுபடி அரசிடமே—

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று: அவள் கேட்டதை எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் ஊரில் ஒருத்தி மைக் முன்னால் நின்று செய்த ஒரே நல்ல காரியத்தை, நான் கையெழுத்துப் போட்டு, தவறு என்று ஆக்குகிறேன்.  ஆனால் வீங்குவது என் கால் இல்லை.

7

டென்னிஸிடம் இந்தக் கதையைக் காட்டப்போவதில்லை. கீழே உள்ளதை மட்டும் கிழித்துக் கொடுப்பேன்.

'நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.
ஐரீன் வாய் தவறித்தான் அப்படிச் சொன்னார்.
கோயிலில் வாசித்துப் பழகிய வாய்.
அவர் மனதில் வேறொன்றும் இல்லை.'

இனி உங்கள் பாடு. நான் எடுத்துவிட்ட வரி என்னவென்று உங்களுக்குத் தெரியும். கஸ்பார் மறுபடி அந்த வெள்ளைத் தலையணையில் தலை வைக்கும்வரை அதைத் தெரியாதவர்களாக இருங்கள். இடம் கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இந்த நாலு வரியோடு நிறுத்திவிட்டேன். யாராவது நாகரிகமான சட்டை போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நாலு வரியையும் வாசித்துக் காட்டி, நம்புகிறீர்களா என்று கேட்டால், யோசிக்க வேண்டாம். என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது மண்டபத்தில் இருந்த எங்கள் கோயில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.