நாலாயிரம் வரியும் மெர்சி பேரில்

பேக்கிங் மெஷின் நின்றால், புரோகிராமில் தப்பான வரியைக் கடைசியாக மாற்றியவர் என்று கம்ப்யூட்டர் யார் பேரைக் காட்டுகிறதோ அவருக்கு மெமோ. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மேனேஜர் பரசுராமனின் நீதி அது. மெமோ வாங்கினால் பர்மனென்ட் கிடையாது; மெர்சிக்கு அடுத்த மாதம் ஆகவேண்டியது.

நேற்று அவள் திருத்தியது ஒரே வரி. மற்றவர்களுடைய கம்ப்யூட்டர் லினக்ஸ், அவளுடையது விண்டோஸ். சேமித்ததும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத குறி மாறி, நாலாயிரம் வரியும் அவள் பேருக்கு வந்துவிட்டது. இன்று காலை மெஷின் நின்றது, வேறொரு வரியால்.

“எழுத்து எதுவும் மாறல சார். பழச எடுத்துப் பாருங்க, யார் எழுதனதுன்னு தெரியும்.”

“அத்த யாரும்மா நோண்டிக்கினு இருப்பாங்க? உன் பேருதான கீது?”

அந்தத் தப்பான வரியை எழுதிய புண்ணியவான் ஸ்டீவன், பக்கத்து நாற்காலியில் புதுப்பெண்போல் தலைகுனிந்திருந்தான். மெர்சி மெமோவில் கையெழுத்துப் போட்டாள். அழுகைகூட வரவில்லை. மேனேஜர் போனதும் அவன் வாய் திறந்தான்.

“நான் போய்ச் சொல்லிடட்டாக்கா?”

“சொல்லேன்.”

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள்.