கனிஷாய் அக்காவின் சிக்னல்

...இந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டால் முடிந்தது, ஏணியில் ஏறியாயிற்று, ஸ்பேனரும் கையில் இருக்கிறது, பிறகு ஏன் நிற்கிறேன்? டவர் போட ஒரு கம்பெனியும் வராத ஊர் இது, அதனால் முடிந்தவர்கள் ஆளுக்கு ஒரு சிக்னல் பெட்டி வாங்கிக் கூரையில் மாட்டினோம், பெட்டி நம்முடையது, அதன் வழியாக அக்கம்பக்கத்தார் போன் பேசினால் நமக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் கையில் நாலு சோம் காசு. என் பெட்டியில் பேசுவது ஒரே ஒருத்தி, பக்கத்து வீட்டுக் கனிஷாய் அக்கா, அதுவும் என்னோடு பேசாதவள்... "தம்பியோட பெட்ரோல் பங்க்ல மாட்டுனா லாரிக்காரங்க பூரா நம்ம பெட்டியிலதான் பேசுவாங்க. இங்க உன் சண்டைக்காரியை விட்டா யாருடி இருக்கா?" என்றார் காலையில் என் கணவர் சபிர்பெக். சரிதான். ஆனால் கழற்றினால் மாஸ்கோவில் இருக்கும் மகளோடு அவள் எப்படிப் பேசுவாள்?

பேசாவிட்டால் எனக்கென்ன, நானா சண்டை போட்டேன்? விருந்தில் வயதும் மரியாதையும் பார்த்துத்தான் ஆட்டெலும்பு வைப்பது எங்கள் வழக்கம், என் மகன் கல்யாண விருந்தில் அவள் வயதுக்கு இடுப்பெலும்பு வைத்திருக்க வேண்டும், பரிமாறிய என் கொழுந்தன் சின்னவர்களுக்கு வைக்கிற முன்னங்கால் எலும்பை வைத்துத் தொலைத்தான், அவள் தட்டைத் தொடாமல் எழுந்து போனாள், அன்றிலிருந்து என் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் எங்கள் சுவரோரம் வந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி மகளோடு பேசுவாள், சிக்னல் தேடி வருகிறாள் பாவம் என்று நானும் மாவு பிசைந்துகொண்டே கேட்பேன்... மாடு கன்று போட்டது, முட்டிவலி, மகளுக்கு வேலை நிரந்தரமானது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒட்டுக்கேட்பது வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தக் குரல் இல்லாத சாயங்காலத்தை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.

இதோ, அடுப்புப் புகைக்காகத் திறந்து வைத்த அவள் சமையலறை ஜன்னல், மேஜைமேல் போன், மகளின் குரல் திக்காமல் திணறாமல் ஏணி வரைக்கும் கேட்கிறது, "அம்மா, டாக்டர் சொல்லிட்டாங்க, மூணாவது மாசமாம்." கனிஷாய் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள், சிரிக்கிறாளா அழுகிறாளா... "இரு இரு, வெளியில போய்ப் பேசலாம்." "எதுக்கும்மா? அங்கயே நல்லா கேட்குதே." "நீ சும்மா வா." குளிர்காற்றில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கள் சுவரோரம் வந்து நிற்கிறாள், என் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்ப சொல்லு, எத்தனாவது மாசம்?" என்று கத்துகிறாள்.

வீட்டுக்குள்ளேயே நன்றாகக் கேட்கிறது... அப்படியானால் இவ்வளவு நாளும் இவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? தொண்டையைச் செருமுகிறேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறாள்.