முத்திரை விழாத புத்தகங்கள்

என் கவிதைப் புத்தகத்தை லைப்ரரியிலிருந்து ஆறு தடவை எடுத்துக்கொண்டு போனது நானேதான். ஊரில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட என் வாயாலேயே கேட்டுவிடுங்கள்.

என் பெயர் அபிதகுஜாம்பாள். டெலிபோன் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். இரும்புலியூரில் சொந்த வீடு, நாலு தெரு தள்ளி கிளை நூலகம். ரிடையர் ஆன வருஷம் 'வானவில்லின் வாசற்படி' என்று என் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டோம். முந்நூறு பிரதி. நாத்தனார் பெண் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தோம். தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தகத்தை மண்டப நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனவர்களை நான் கண்ணால் பார்த்தேன். பேரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும்.

லைப்ரரிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். நம்பர் போட்டு, பின்னட்டைக்கு உள்ளே தேதித் தாள் ஒட்டி, கவிதை அலமாரியில் வைத்தார்கள். யாராவது எடுத்துப்போனால் அந்தத் தாளில்தான் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்துவார்கள். நான் வாரா வாரம் போய் அந்தத் தாளைத் திறந்து பார்ப்பேன். இரண்டு வருஷம் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. தெரியாத ஒரே ஒரு ஆள், எனக்கு உறவும் இல்லாத சிநேகமும் இல்லாத ஆள், அதை எடுத்துப் படித்தால் போதும் என்று இருந்தது எனக்கு. பெரிய ஆசையா இது? சொல்லுங்கள்.

மூன்றாவது வருஷம் பொறுக்க முடியவில்லை. "ஏன்னா, உங்க லைப்ரரி கார்டைக் கொஞ்சம் குடுங்கோ" என்று கணவரிடம் வாங்கிக்கொண்டு போய் என் புத்தகத்தை நானே எடுத்தேன். பளிச்சென்று ஒரு முத்திரை விழுந்தது. பதினைந்து நாள் பிரிட்ஜ் மேல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். ஒரு முத்திரை இருந்தால் அதைப் பார்த்து இன்னொருத்தர் எடுப்பார் என்று கணக்குப் போட்டேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. அதனால் மறுபடி எடுத்தேன். இப்படியே ஆறு.

போன ஜூனில் வினிதா என்று புது நூலகர் வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், ஸ்கூட்டியில் வருவாள், சத்தமே போடாமல் வேலை வாங்குவாள். நவம்பரில் நூலக வார விழா வரும் இல்லையா, அதில் ஒரு நாள் கவிதைக்கு. வருஷா வருஷம் வாசகர் வட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவரவர் எழுதியதை அவரவர் வாசிப்போம், அவரவர் வீட்டு ஆட்கள் கைதட்டுவார்கள். நான் குறைந்தது நாலு கவிதை வாசிப்பேன்.

"இந்த வருஷம் யாரும் சொந்தக் கவிதை வாசிக்க வேண்டாம்" என்றாள் வினிதா.

"பின்னே கவிதை நாள்ல சமையல் குறிப்பா வாசிக்கணும்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "நம்ம அலமாரியில முந்நூத்தி நாப்பது கவிதைப் புத்தகம் இருக்கு மேடம். அதுல அறுபத்தோரு புத்தகத்தை இதுவரைக்கும் ஒருத்தர்கூட எடுத்ததில்ல. தேதித் தாள்ல ஒரு முத்திரைகூட கிடையாது. ஆளுக்கு அதுல ஒன்னு எடுத்துட்டுப் போங்க, படிச்சுட்டு வாங்க, பிடிச்ச ஒரு கவிதையை வாசிங்க. அவ்வளவுதான்."

பகவானே, இதற்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன்! யாரோ ஒருத்தர் என் புத்தகத்தை எடுப்பார், வீட்டுக்குக் கொண்டு போவார், வாய்விட்டு வாசிப்பார். மேஜைமேல் இருந்த அந்த அறுபத்தோரு புத்தகப் பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கி மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். என் புத்தகம் இல்லை.

"உங்களோடது எப்படி மேடம் இதுல வரும்?" என்றாள் வினிதா. "அது நல்லாப் போகுதே, ஆறு தடவை போயிருக்கு. சார்தான் விரும்பி விரும்பி எடுத்துட்டுப் போறார்."

அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சத்யநாராயணனிடம், அதாவது என் கணவரிடம், சொன்னேன். மனுஷர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுக்க வேண்டியதாயிற்று. "உன் கையாலேயே உனக்கு ஆப்பு வச்சுண்டுட்டியேடி அபிதா" என்றார். அன்றைக்கு அவருக்கு ராத்திரி சாப்பாடு தயிர்சாதம் மட்டும்தான்.

விழாவுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போகாவிட்டால் இன்னும் கேவலம். மறுநாள் போய், அந்த அறுபத்தொன்றில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகம் எது என்று பார்த்து உருவினேன். சீக்கிரம் முடியட்டுமே என்றுதான். 'பதினாலாம் நம்பர் மிஷின்' என்று பெயர். நாற்பத்தெட்டுப் பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின், துருப்பிடித்து. எழுதியவர் பெயர் தபீதாள். பழைய பல்லாவரத்தில் ஒரு தெரு விலாசம், வருஷம் தொண்ணூற்றெட்டு.

வெளியே மழை பிடித்துக்கொண்டதால் லைப்ரரி வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் இது இருந்தது:

*கைக்கு உறை தைக்கிறேன்.*
*குளிர் எனக்குத் தெரியாது.*
*அந்த நாட்டில் பனி கொட்டுமாம்.*
*இடது கை ஐநூறு, வலது கை ஐநூறு.*
*பார்க்காத ஐநூறு பேர்*
*என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.*

அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். இந்த ஊரின் பழைய குடும்பம், ஜி.எஸ்.டி. ரோட்டில் நாலு கடை வாடகைக்கு விட்டிருக்கிறார். தினம் எட்டிலிருந்து பதினொன்று வரை லைப்ரரியில் பேப்பர் படிப்பதுதான் அவர் உத்தியோகம். "இன்னாம்மா ஆச்சு, யாரு செத்தது?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு முழுப் புத்தகத்தையும் படித்தேன். மழை நின்றது தெரியவில்லை. இரண்டாவது தடவையும் படித்தேன். ஒரு அலங்காரம் கிடையாது. தோல் தொழிற்சாலை, தையல் மிஷின், ஊசி ஏறின விரல், கர்ப்பத்தோடு நின்றுகொண்டு தோல் வெட்டுகிற பெண், இதுதான் எல்லாம். எனக்கு வயிறு எரிந்தது, நான் ஏன் மறைக்க வேண்டும்? இருபத்தாறு வருஷமாக இது அலமாரியில் இருந்திருக்கிறது. வாரா வாரம் அதே அலமாரிக்குப் போய் என் ஒரு புத்தகத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை போனது என் தப்பு. அன்றைக்குத்தான் சந்தை. பழைய பீரோ, நாய்க்குட்டி, செடி, ஜீன்ஸ் எல்லாவற்றையும் தாண்டி, குடையை ஒருத்தன் மண்டையில் இடித்து அவனிடம் திட்டு வாங்கி, தெருவைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தத் தெருவில் மாவு மெஷின்காரர் தபீதாள் வீட்டைக் காட்டினார்.

எழுபது வயதிருக்கும். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தபீதாள் நீங்கதானே? உங்க புத்தகம் படிச்சேன்" என்றேன்.

"இன்னா புக்கு?"

"பதினாலாம் நம்பர் மிஷின்."

கீரையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசாவா?"

"ரெண்டு தடவை."

எழுந்து உள்ளே போய்விட்டார். என்னடா இது, வா என்றுகூடச் சொல்லாமல் போகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஐந்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு, கையில் டீயோடு வந்தார். கண் சிவந்திருந்தது. கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து அச்சடித்துக் கொடுத்தார்களாம். தாம்பரம் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தபோது எங்கள் லைப்ரரியில் ஒன்று கொடுத்தாராம்.

"அப்புறம் வந்து பாக்கவே இல்லியா? யாராவது எடுத்தாங்களான்னு?"

"இன்னாத்துக்கு? யாரும் எடுக்கலன்னா மனசு பேஜாராப் பூடும்ல. பயந்துகினு வரவே இல்ல" என்றார்.

கவிதை நாளுக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வருவேன் என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தேன்.

கவிதை நாளன்றும் மழை. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். தபீதாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அரிகிருஷ்ணன் ஏரியைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். நடுவில் நிறுத்தி, "இது நம்ம ஏரி மாதிரியே கீதுபா" என்று சொல்லி, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது என்று பத்து நிமிஷம் பேசினார். யாரும் தடுக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது. என் முறை வந்ததும் கையுறைக் கவிதையை வாசித்தேன். என் சொந்தக் கவிதையை வாசிக்கும்போது ஒரு நாளும் என் குரல் நடுங்கினதில்லை. அன்றைக்கு நடுங்கியது. எழுதியவர் இதோ இருக்கிறார் என்று காட்டினேன். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அரிகிருஷ்ணன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பியதும் தபீதாள் என்னிடம் வந்தார். "நீங்களும் எழுதுவீங்கன்னு லைப்ரரி பொண்ணு சொல்லிச்சு. எங்க, குடுங்க பாப்போம்."

எடுத்துக் கொடுத்தேன். பின்னட்டையைத் திறந்தார். "பரவால்லியே, ஆறு பேரு எடுத்துகினு போய்கிறாங்க."

இந்தப் பெண்பிள்ளையிடம் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆறும் நான்தான்" என்றேன். வினிதா நாற்காலி அடுக்குவதை நிறுத்திவிட்டாள். தபீதாள் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தார்.

முக்கால் மணி நேரம் படித்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானவில், நிலா, தென்றல் எல்லாம் மளமளவென்று புரண்டன. நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றார். அதில் இருந்தது, பக்கம் நிரம்பவில்லை என்று அச்சகத்துக்காரன் கேட்டதற்காகக் கடைசி நிமிஷத்தில் கொடுத்தது. அதைக் கவிதை என்றே நான் நினைக்கவில்லை. டிரங்க் கால் காலத்தில் ஒரு அழைப்புக்கு மூன்று நிமிஷம்தான், முடிந்ததும் ஆபரேட்டர் துண்டிக்க வேண்டும். அதைப் பற்றியது:

*சாவு என்று சொல்ல அரை நிமிடம்.*
*மிச்சம் இரண்டரை நிமிடம்*
*இரண்டு பக்கமும் மூச்சு.*
*நான் துண்டிக்கவில்லை.*
*மறுநாள் மெமோ வாங்கினேன்.*

"மத்ததெல்லாம் எல்லாரும் எழுதறதுதாம்மா" என்றார். "இத்தை உன்னத் தவிர வேற யாரு எழுத முடியும்?"

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். நாற்பது பக்கத்தை ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டாரே! வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. ஆனால் அவர் அந்தப் பக்கத்தை விடவில்லை. விரலை வைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"சொல்ல அரை நிமிசம்னு போட்டுக்கிறியே. சொன்னது யாரு?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. என் கணவர் கேட்டதில்லை. நானே எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை.

"போன் போட்டது ஒரு பையன்" என்றேன். "அப்பா போயிட்டார், ஊர்ல அம்மாகிட்ட சொல்லணும்னு என்கிட்ட அழுதுண்டே புக் பண்ணினான். லைன் கிடைச்சதும் அவனுக்கு வாய் வரலை. அம்மா ஹலோ ஹலோன்னு கத்திண்டே இருக்கா. நேரம் ஓடிண்டே இருக்கு. நான்தான் நடுவுல புகுந்து சொன்னேன். ஆபரேட்டர் அப்படி நடுவுல பேசக் கூடாது, மெமோ அதுக்குத்தான். துண்டிக்காததுக்கு இல்லை."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவின் ஊர்ப் பெயர்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தபீதாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை காய்த்துப்போய் இருந்தது. "அத்த எழுதலியே நீ."

"எழுதலை."

"எழுது. நான் படிக்கிறேன்."

மூக்கை உறிஞ்சி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்போ வேணும்?" என்று கேட்டேன்.