அவுரிப் பொடி

என் மனைவி அமலராணிக்கு ஞாபகம் தப்பி ஒரு வருடமாகிறது. நரைத்த தலையோடு நான் ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிடுவாள். கல்யாணப் படத்தில் கருகருவென்று முடி வைத்திருப்பவன்தான் அவளுக்குப் புருஷன்.

கடைச் சாயம் பூசினால் எனக்கு முகம் வீங்கிவிடும். அதனால் இன்று விடியற்காலையில் மருதாணி பூசினேன். அலசிப் பார்த்தால் தலை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் நிறம். எரிச்சலோடு அந்தக் கோலத்திலேயே அவளுக்கு நாலு இட்லி ஊட்டிவிட்டு, கடைவீதியில் இருக்கும் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சிரித்தார். அவருக்கென்ன, வழுக்கைத் தலை.

"மருதாணி மட்டும் போட்டா நரை செவக்கத்தான் செய்யும். அதுக்கு மேல அவுரிப் பொடியப் போடுங்க, கருத்துரும். மாசக் கணக்குல போகாது."

வெந்நீரில் குழைத்து அப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே கருத்தது.

மதியம் சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நான்தான் ராணி, இருதயநாதன்."

"காலையில ஒரு செம்பட்டத் தலக்காரரு வந்தாருல்ல, அவர வரச் சொல்லுங்க," என்றாள். "அவரு ஊட்டுனாத்தான் சாப்புடுவேன்."