அப்பா வரட்டும்

அந்த மனிதர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவரோ மூன்று நாளாக ஒரே பணிவோடு, "வேணாம் டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லியே கழுத்தை அறுத்தார்.

வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். அவருடைய ஆறு வயது மகளைப் பள்ளிக்கூட டீச்சர்தான் எங்கள் குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிவந்து சேர்த்திருந்தார். இடுப்பு மூட்டில் சீழ். திறந்து கழுவி மருந்து ஏற்றினால் ஓடி விளையாடுவாள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மூட்டு அரித்துக்கொண்டே போகும். அப்புறம் ஆயுசுக்கும் விந்தி விந்திதான் நடக்க வேண்டும். சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. படம் போட்டுக் காட்டினேன். தரை, ஈரம், விரிசல் என்று அவர் தொழிலை வைத்தே சொல்லிப் பார்த்தேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அவர்களுடைய பிரார்த்தனைக் குழு ஏழு நாள் வேண்டுதலில் இருக்கிறதாம். அதற்குள் கத்தியோ மருந்தோ பட்டால் நம்பிக்கையே இல்லை என்று ஆகிவிடுமாம்.

"ஒரு ஊசி கூடவா வேணாம்?"

"கடவுள்கிட்ட கேட்டாச்சும்மா. கேட்டுட்டு இன்னொரு இடத்துக்கும் போனா நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்குப் பல்லு வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

"தாங்கிக்குவேன்."

"அது உங்க பல்லு சார். இது அவளோட காலு!"

மறுபடியும், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

தகப்பன் மறுத்தாலும் செய்ய அனுமதி கேட்டு, குழந்தைகள் நல அலுவலகத்துக்கு முதல் நாளே எழுதியிருந்தேன். அவர்களுக்கு இரண்டு நாள் விடுமுறை. மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடியது. உடனடி ஆபத்து என்றால் சம்மதம் இல்லாமலே செய்யலாம், ஆனால் 'உடனடி' என்றால் எத்தனை மணி நேரம் என்று வக்கீல் கேட்டார். பிஸ்கட் தட்டு இரண்டு முறை சுற்றி வந்தது. பாதியிலேயே எழுந்து வார்டுக்கு வந்துவிட்டேன்.

காலுக்கடியில் தலையணையோடு சிறுமி கிடந்தாள். உடம்பு கொதித்தது. சேர்த்த அன்று ரத்தம் எடுத்த என்னை 'ஊசி அத்தை' என்று கிண்டல் செய்தவள், அன்று கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் அவள் அம்மா. மூன்று நாள் எரிச்சலையும் அந்தப் பெண்மேல் கொட்டினேன்.

"நீங்களாவது வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பெத்தவதானே நீங்க?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நான்தான் முதல் நாள் காலையிலயே உங்க ரூமுக்கு வந்தேனே மேடம். எங்க கையெழுத்து போடணும்னு கேட்டேன். அப்பா வரட்டும்மா, போய் உட்காருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருப்பேன். முகம்கூட ஞாபகமில்லை. எப்போதோ ஒரு தகப்பன், தன்னைக் கேட்காமல் மனைவி கையெழுத்துப் போட்டாள் என்று வார்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்களுக்கு அது பழக்கம். படிவத்தில் 'தாய் அல்லது தந்தை' என்றுதான் இருக்கிறது. நாங்கள்தான் அப்பா வரட்டும் என்போம்.

"அப்புறம் ஏன்மா மறுபடி கேட்கலை?"

"நீங்க எல்லாரும் அவர்கிட்டயே பேசிட்டு இருந்தீங்க. என் கையெழுத்து செல்லாது போலன்னு நெனச்சுட்டேன்."

படிவத்தை நீட்டினேன். அவள் நிதானமாகத் தன் பேரை முழுசாக எழுதினாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குத் தகப்பன் ஓடிவந்தார். அப்போதும் கத்தவில்லை. மனைவியிடம், "என்னை ஒரு வார்த்தை கேட்கலையே" என்றார்.

"என்னையும் யாரும் கேட்கலைங்க" என்றாள் அவள்.

அவர் சுவரோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிப் பிரார்த்திக்க ஆரம்பித்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

உயிர் பிழைத்தாள். எலும்பு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மூட்டு நிறைய போயிடுச்சு. மூணு நாளைக்கு முன்னாடியே கிடைச்சிருந்தா முழுசா காப்பாத்தியிருப்பேன். என்ன ஜனங்களோ!" என்றார்.

சாயங்காலம் கேஸ் ஷீட் கையெழுத்துக்கு வந்தது. 'தாமதத்துக்கான காரணம்' என்ற இடத்தில், 'மத நம்பிக்கையால் தந்தை மறுப்பு' என்று ஆபீசில் அடித்து அனுப்பியிருந்தார்கள். பொய்யில்லை. அதன் கீழே பேனாவால் எழுதினேன்: 'முதல் நாள் காலையிலேயே தாய் கையெழுத்திட வந்தார். நான் உட்காரச் சொன்னேன்.'