யோகராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கடல்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வசிக்கும் யோகராஜாவின் முதுகுக்குப் பின்னால் 2023 ஆகஸ்ட் 19ஆம் திகதி சனிக்கிழமையிலிருந்து ஒரு கடல் இருக்கிறது. அவருடைய குதிக்காலிலிருந்து இரண்டு அடி தள்ளி அது தொடங்குகிறது. தொடங்கும் இடத்தில் ஒரு கதவின் அகலம்தான். போகப் போக விரிந்து அடிவானம் வரைக்கும் போகிறது. அவர் சமையலறையில் நின்றால் கடலும் சமையலறையில் நிற்கும், பஸ்ஸுக்குக் காத்து நின்றால் அதுவும் காத்து நிற்கும். அவர் திரும்பினால் கூடவே திரும்பும். நல்ல நீலம், நல்ல உப்பு, மத்தியதரைக் கடலின் ஒரு துண்டு. அந்தத் துண்டு எந்தத் தீவைச் சேர்ந்தது என்று கேட்கவேண்டாம். தீவுக்குப் பெயர் உண்டு. ஆனால் போய்வந்த நாற்பத்திரண்டு பேரில் அதை ஒருமுறையாவது சரியாகச் சொன்னவர் எவரும் இல்லை. ஆகவே நாமும் விட்டுவிடலாம்.

போனவர்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தார். யோகராஜா தலைவர், றொனால்ட் செயலாளர். நான்கு நாள் பயணம், ஒரு பஸ், மூன்று ரைஸ் குக்கர், ஒரு சூட்கேஸ் நிறைய மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். தீவின் மீனவர்கள் விடியற்காலையில் பிடித்த மீனைக் கரையிலேயே சுட்டுத் தந்தார்கள். நம்மவர்கள் அதை மணந்து பார்த்து, உறைப்பில்லை என்று ஒதுக்கிவிட்டு, ஹோட்டல் அறைக்குப் போய்க் கட்டிலோரம் சோறாக்கினார்கள். பார்க்கவேண்டிய இடங்கள் பன்னிரண்டு என்று றொனால்ட் பட்டியல் போட்டிருந்தார். கோட்டை, தேவாலயம், பழைய துறைமுகம், காற்றாலை, படகில் போய்ப் பார்க்கும் குகை, பெண்கள் வாசலில் இருந்து லேஸ் பின்னும் தெரு என்று அது நீண்டது. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சங்கத்தின் பத்தடி பனரை விரித்துப் பிடிப்பார்கள். அந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். முதலில் எல்லாரும், பிறகு ஆண்கள், பிறகு பெண்கள், பிறகு சோடி சோடியாக, கடைசியில் செயற்குழு. அத்துடன் பதினைந்து நிமிடம் முடிந்துவிடும். நானூறு வருடத்துத் தேவாலயத்தின் வாசல் எப்படி இருந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பனரில் சங்கத்தின் பெயர் எந்த எழுத்தில் அடிக்கப்பட்டிருந்தது என்று சொல்வார்கள்.

பட்டியலின் பன்னிரண்டாவது வரி "கடல் குளிப்பு, நேரமிருந்தால்" என்பது. யோகராஜாவின் மனைவி பாலாம்பிகை அந்தப் பட்டியலில் வாசித்தது இந்த ஒரு வரியைத்தான். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது கடலில்லாத வவுனியாவில், கடலில் கால் நனைத்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு ஷிப்டில் எட்டுப் பேரைக் குளிப்பாட்டுவார். முதுகு தேய்த்து, இடுக்குகள் துடைத்து, பௌடர் போட்டு, கதிரையில் இருத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவார். யாரையும் குளிப்பாட்டாமல் தான் மட்டும் ஒரு பெரிய தண்ணீரில் கிடக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. இதற்காகச் செவ்வாய்க்கிழமை காலைகளில் பெண்களுக்கான நேரத்தில் உள்ளூர் நீச்சல்குளத்துக்குப் போய் எட்டு மாதம் நீச்சல் பழகினார். வீட்டில் சொல்லவில்லை. முழங்கால்வரை மறைக்கும் கருநீல நீச்சலுடை ஒன்றை வாங்கி, பயணப் பையில் ரைஸ் குக்கருக்குக் கீழே வைத்திருந்தார்.

கடைசி நாள் பிற்பகல் பஸ் கடற்கரைக்கு வந்தபோது ஒரு மணித்தியாலம் இருந்தது. செயற்குழுப் படத்தில் யோகராஜா கண்ணை மூடிவிட்டார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி மூடிவிட்டார். பதினொரு முறை எடுத்தார்கள். பன்னிரண்டாவது படத்தில் அவர் கண் திறந்திருந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். பாலாம்பிகை சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யோகராஜா அவரிடம், "பிளைட்டை விடப்போறீரோ? சப்பாத்தைப் போடும், இதில நிண்டு ஒரு படம் எடுப்பம்" என்றார். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். அந்தப் படம் எடுக்கப்பட்ட பிறகுதான் கடல் யோகராஜாவின் பின்னால் வரத் தொடங்கியது. விமான நிலையச் சோதனையில் பாலாம்பிகையின் தண்ணீர்ப் போத்தலைப் பறித்துக் குப்பையில் போட்டார்கள். கடலைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை.

லண்டன் அதை எடுத்துக்கொண்ட விதம் லண்டனுக்கு உரியது. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் வாசித்தார்கள். கணுக்கால்வரை நனைந்த ஒரு வெள்ளைக்காரர் யோகராஜாவிடம் மன்னிப்புக் கேட்டார். கோவிலில் வீதி சுற்றும்போது பின்னால் வந்தவர்களின் பட்டுச்சேலைகள் நனைந்ததால் அவரைக் கடைசியாக வரச் சொன்னார்கள்; தலைவரான தன்னைக் கடைசியில் விட்டார்களே என்று அவர் இரண்டு மாதம் கோவிலுக்குப் போகவில்லை. கவுன்சிலில் இருந்து ஒரு அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டு, உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரைக்கு அறிவிப்புப் பலகை கட்டாயம் என்று சொல்லி, அந்தப் பலகையை யோகராஜாவின் கோட்டின் முதுகில் கொளுவிவிட்டுப் போனார். யோகராஜா மட்டும் கடலைப் பார்க்கவில்லை. பார்க்க ஏலாது என்று இல்லை. குளியலறைக் கண்ணாடியில் தினமும் அது அவருடைய தோளுக்கு மேலால் தெரிந்தது. அவர் அங்கே பார்த்தது மீசைக்கு அடித்த டையை. படங்களிலும் தெரிந்தது, அங்கே அவர் பார்த்தது தன் வயிறு தள்ளியிருக்கிறதா என்பதை.

ஒக்டோபரில் றொனால்டுக்கு ஒரு யோசனை வந்தது. போகமுடியாமல் போன அங்கத்தவர்கள் இருக்கிறார்கள், லண்டனின் மற்ற மூலைகளில், ஹரோவில் இருந்தும் லூயிஷாமில் இருந்தும் ஆட்கள் கேட்கிறார்கள், தலைவரின் வீட்டிலேயே தீவைக் காட்டினால் என்ன என்றார். புதுப் பட்டியல் ஒன்று தயாரானது. மூன்று மணிக்கு வரவேற்பு, மூன்றரைக்குக் கடல் பார்த்தல், நான்கு மணிக்குச் சிற்றுண்டி, பிறகு சூரிய அஸ்தமனம். அந்தத் தீவின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முந்தியது என்பதால் யோகராஜாவின் முன்னறையில் பொழுது வேளைக்கே பட்டுவிடும். பிள்ளைகளை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று தாய்மார் பாராட்டினார்கள். சனிக்கிழமை தவறாமல் இருபது முப்பது பேர் வந்தார்கள். யோகராஜா டிவிக்கு முன்னால் கோட்டுடன் நிற்பார். வந்தவர்கள் அவருக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இரண்டடியில் நெருக்கிக்கொண்டு நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரிப்பார்கள். பின்னால் கடற்பறவை ஒன்று மீனைக் கொத்திக்கொண்டு மேலே போகும். ஒருவரும் திரும்பமாட்டார்கள். பாலாம்பிகை சமையலறையில் றோல்ஸ் பொரித்து, தேநீர் ஊற்றி, எல்லாரும் போன பிறகு கார்ப்பெட்டில் இருந்த மணலைக் கூட்டி அள்ளுவார். கூட்டும்போது யோகராஜா சோபாவில் இருப்பார். கடல் சுவரோடு ஒட்டிப்போய் இருக்கும். அதைப் பார்த்தபடி பாலாம்பிகை தும்புத்தடியோடு கொஞ்ச நேரம் நிற்பார்.

தை மாதத்தில் அவர்களுடைய மகள் லக்‌ஷிகா ஒன்றைக் கவனித்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள், அளவில் பிழை விடமாட்டாள். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் கடல் ஒரு விரற்கடை வற்றுகிறது என்றாள். முன்பு அடிவானத்தில் கப்பல்கள் தெரிந்தன, இப்போது இல்லை. முன்பு கரையில் நின்று கயிறெறிந்து அளந்தால் பத்து அடியில் ஆள் ஆழம். இப்போது ஐம்பது அடி தள்ளி எறிந்தாலும் இடுப்புக்கு மேலே வராது. இப்படியே போனால் அடுத்த கோடைக்கு ஒரு ஈரக் கார்ப்பெட்தான் மிஞ்சும் என்று கணக்கெழுதிக் காட்டினாள். மாரியில் வற்றும், கோடையில் வரும் என்று யோகராஜா சொல்லிவிட்டார். கடலைப் பார்த்தே இராதவர் அதன் குணத்தைச் சொன்னார். சங்கத் தலைவர்களுக்கு அது பழக்கம்.

பாலாம்பிகை அதன்பிறகு மூன்று முறை கேட்டார். அது வற்றிப்போக முதல் ஒரே ஒரு பின்னேரம், ஒரு இடத்தில் அசையாமல் நின்று தாருங்கள், நான் இறங்கிக் குளிக்கிறேன் என்று. யோகராஜா பெற்றோல் நிலையம் ஒன்றில் மனேஜர். கிழமை நாட்களில் வேலை என்றார். ஞாயிறு கலியாணவீடு என்றார். மூன்றாவது முறை, இந்த வயதில் ஆட்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்றார். ஆட்கள் எதையும் பார்ப்பதில்லை என்பது அந்த வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிரூபிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

2024 ஜூன் 8ஆம் திகதி இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். கடல் அப்போது தொடக்கத்தில் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. தூரத்தில் மட்டும் ஒரு கருநீலக் கோடு. றொனால்ட் பனரை விரித்துக்கொண்டிருந்தார். பாலாம்பிகை றோல்ஸ் தட்டத்தைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். மாடிக்குப் போனார். நீச்சலுடையில் இறங்கி வந்தார், தலைமயிரை உச்சியில் இறுக்கி முடிந்திருந்தார். இருபத்தாறு பேரும் வழி விட்டார்கள்; அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் யோகராஜாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு நாளும் இல்லாத மெல்லிய குரலில் பேசினார்.

"இஞ்சேருங்கோ, நான் இறங்கிறன். அசையாதேங்கோ."

தண்ணீர் கலையும் சத்தம் கேட்டது. யோகராஜாவின் முகம் சிவந்தது. கலியாணம் கட்டிய முப்பத்தொரு வருடத்தில் அவர் சொல்லாமல் அந்த வீட்டில் ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு அடி முன்னே வைத்தால் போதும். கடல் ஒரு அடி இழுபடும், உள்ளே இருப்பவரோடு சேர்த்து. இழுபட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியாது, அதுவரை எவரும் உள்ளே இறங்கியதில்லை. சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகிப் பிறகு இல்லாமல் போனது. றொனால்ட் மட்டும் தன் வேலையில் கண்ணாக இருந்தார். முன்னறையில் பனரை முழுதாக விரிக்க இடம் போதாது, அண்ணை ஒருக்கால் பின் தோட்டத்துக்கு வந்தால் எல்லாரும் நிற்கலாம், ஆட்கள் ஹரோவிலிருந்து வந்திருக்கினம் என்றார். சொல்லிக்கொண்டே தலைவரின் முழங்கையைப் பிடித்தார். லக்‌ஷிகா மாடிப்படியில் நின்று, "அப்பா, டோன்ட் மூவ்" என்றாள்.

யோகராஜா கையை விடுவித்துக்கொண்டார்.

"ஏலாது றொனால்ட்" என்றார். "அவ உள்ளுக்கு நிக்கிறா."

றோல்ஸ் முடிந்ததும் விருந்தாளிகள் போய்விட்டார்கள். படம் எடுக்கவில்லை என்று மூன்று குடும்பம் இன்றுவரை கோபம். யோகராஜா சுவரைப் பார்த்தபடி நின்றார். மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பயம் பிடித்துக்கொண்டது, திரும்பினால் கடலும் அவளோடு சேர்ந்து திரும்பிவிடும். போனை எடுத்து, தன்னைத் தானே படமெடுக்கும் பக்கத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தார். மீசை தெரிந்தது. வயிறு தெரிந்தது. அவர் போனைக் கொஞ்சம் சரித்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் காதைத் தாண்டி அப்பால் பார்த்தார். அங்கே வெயிலில் முழுக் கடலும் மினுங்கிக்கொண்டு கிடந்தது. வெகுதூரத்தில், தேங்காய் அளவில் கறுப்பாக ஒரு தலை. அது மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதரைப் பற்றி நமக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவர் அழுதார், நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணை எடுக்காமல் ஒரு மணித்தியாலம் பார்த்தார். முழங்கால் கடுத்தது, மூத்திரம் முட்டியது, நின்றார். ஐந்து மணிக்கு லக்‌ஷிகா அளந்தபோது, கணுக்கால் அளவில் இருந்த தண்ணீர் அவள் இடுப்புவரை ஏறியிருந்தது.

பாலாம்பிகை கரையேறி வந்து, சோபாவில் கிடந்த துவாயை எடுத்துத் தலை துவட்டினார். குளிர்ந்ததோ என்று யோகராஜா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். இல்லை என்றார் மனைவி. "நாளைக்கும் நிக்கிறன்" என்றார் யோகராஜா.

"நாளைக்கு எனக்கு ஷிப்ட்" என்றார் பாலாம்பிகை. "சனிக்கிழமை நில்லுங்கோ."

சங்கத்துக்கு இப்போது றொனால்ட்தான் தலைவர். வேறொரு தீவுக்குப் பதினெட்டு இடம் கொண்ட பட்டியல் தயார், பஸ் நிரம்பிவிட்டது. யோகராஜா கோவிலில் கடைசியாக நடக்கிறார், பின்னால் யாரும் நனைவதில்லை. பார்க்கிங்கில் அந்தக் கடலைப் பற்றி இப்போது ஒருவரும் பேசுவதில்லை. சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்த வீட்டில் போன் எடுக்கமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஐந்தரைக்குப் பிறகு எடுக்கிறார்கள்.